மீன் குத்திய புண்ணுக்கு மீன்

1. முட்டை எங்கே போகிறது?

சாம்பார் அண்டாவுக்குள் கரண்டியை விட்டு, அடியில் பருப்பு கிடக்கிறதா, வெறும் தண்ணீர்தானா என்று துழாவிக்கொண்டிருந்தேன். சர்ஜனிடமிருந்து போன் வந்தது.

"ஆம்பளைங்க வார்டு, ஜன்னலோர பெட், ஜமால்னு ஒருத்தர். அவருக்கு என்னம்மா சாப்பாடு போடுறீங்க?"

"ஹை புரோட்டீன் டயட் டாக்டர். காலையில ரெண்டு முட்டை, மத்தியானம் ஒண்ணு, கெட்டிப் பருப்பு, சுண்டல், ராத்திரி பால். நீங்க எழுதினதுதான்."

"நீங்க போடுறீங்க. அவரு சாப்பிடுறாரா? ரத்தத்துல ஆல்புமின் ரொம்பக் கீழ கெடக்கு. புண்ணு வெளிறிப்போய் இருக்கு. இந்த நெலமையில நான் தோலை எடுத்து ஒட்டுனா அது புடிக்காது. அடுத்த டிரெஸ்ஸிங்ல துணியோட உரிஞ்சு வந்துடும். கொஞ்சம் போய்ப் பாருங்க."

கரண்டியைச் சமையல் மாஸ்டர் கையில் கொடுத்துவிட்டு வார்டுக்குப் போனேன்.

இராமநாதபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் டயட்டீஷியனாக வேலை பார்த்து, சமீபத்தில்தான் ஓய்வு பெற்றேன். இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள், "படிச்சதுக்கும் வார்டுக்கும் சம்பந்தமே இல்லையே மேடம்" என்று போனில் புலம்புகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், மேனேஜர் என்னைச் சமையல்கட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, "இதுதான் ஒங்க டிபார்ட்மெண்ட்" என்றார். வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு முதல் ரவுண்ட்ஸ் போனபோது ஒரு பெரியவர் என்னைப் பார்த்து, "இன்னைக்கு என்ன கொழம்பு தாயி?" என்று கேட்டார். எப்போது பார்த்தாலும் முட்டை சாப்பிடுங்கள் என்று சொல்வதால் கொஞ்ச நாளில் 'முட்டையம்மா' என்ற பெயரும் வந்து சேர்ந்தது. அது கடைசிவரை போகவில்லை. எனக்கும் வருத்தமில்லை.

ஜமாலின் பெட்டுக்கு நான் போனது காலைச் சாப்பாட்டு நேரம். அவருடைய அக்கா ரகுமத்து, தட்டில் இருந்த இரண்டு முட்டைகளையும் பதமாக உரித்தார். உப்பும் மிளகுத்தூளும் தூவினார். அப்படியே தட்டோடு பக்கத்து பெட் பெரியவரிடம் நீட்டினார். பெரியவர் தினப்படி வழக்கம்போல வாங்கிச் சாப்பிட்டார். ஹெர்னியா ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த அவருக்கு முகம் நல்ல தெளிவாக இருந்தது. ஜமாலுக்கு வீட்டிலிருந்து வந்த கஞ்சியும் ரஸ்க்கும்.

"இவருக்கு வெச்ச முட்டை அது" என்றேன்.

"தெரியும்மா. புண்ணுக்காரனுக்கு முட்டை ஆகாது. வீணாப் போகக் கூடாதேன்னு அவுகளுக்குக் குடுக்குறேன்" என்றார் ரகுமத்து.

"அவுகளும் ஆபரேஷன் பண்ணினவுகதானே? அவுக புண்ணு நல்லா ஆறிருச்சே?"

"அவுக ஒடம்புக்கு ஒத்துக்கிருச்சு. எங்க ஒடம்பு வேற."

2. டீசல் ஊற்றினால் ஓட்டை அடைபடுமா?

ஜமால் ஏர்வாடிப் பக்கம். சொந்தமாக ஒரு ஃபைபர் படகு வைத்துத் தொழில் செய்கிறவர். வலையை இழுத்துப் போட்டு மீனைப் பிரிக்கும்போது, வலைக்குள் கிடந்த திருக்கை வாலைச் சுழற்றியிருக்கிறது. வால் முள் கணுக்காலுக்கு மேலே ஆழமாக ஏறிவிட்டது. வலி அடங்கட்டும் என்று வெந்நீர் ஊற்றிவிட்டு, பச்சிலை வைத்துக் கட்டி வீட்டிலேயே இருந்திருக்கிறார். சுற்றிலும் சதை கறுத்துப்போன பிறகுதான் எங்களிடம் கொண்டுவந்தார்கள். கறுத்த சதையை வெட்டி எடுத்தபின் உள்ளங்கை அகலத்துக்குப் பள்ளம். சர்க்கரை இருக்கிறதா என்று முதலில் பார்த்தார்கள், இல்லை. கிட்னியும் சரியாகத்தான் இருந்தது. இருந்தும் புண் ஆறவில்லை.

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். நேற்று காலையில் கண்விழித்ததிலிருந்து என்னவெல்லாம் சாப்பிட்டார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஜமால் வாயைத் திறப்பதற்குள் அக்கா பதில் சொன்னார். அரிசிக் கஞ்சி. ரஸ்க். ரசம் ஊற்றிய சோறு. இளநீர். பார்க்க வந்தவர்கள் கொடுத்த ஆப்பிள். ராத்திரி திரும்பவும் கஞ்சி.

அவர் எடைக்குச் சாதாரண நாளில் ஐம்பது, அறுபது கிராம் புரோட்டீன் போதும். ஆறாத புண் இருக்கிற உடம்புக்கு அதில் ஒன்றரை மடங்காவது வேண்டும். அக்கா சொன்னதையெல்லாம் மனதில் கூட்டினேன். இருபதைத் தாண்டவில்லை.

"பருப்பு?"

"வாயு."

"சுண்டல்?"

"அதுவும் வாயுதானே."

"பால்?"

"சீழ் வைக்கும்."

"நெலக்கடலை?"

"பித்தம்."

"மீன்?"

ரகுமத்து என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நல்லாச் சொன்னீக. மீன் குத்துன புண்ணுக்கு மீனா?"

வார்டில் நாலு பேர் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். அந்த வாக்கியத்துக்கு எதிராகப் பாடப் புத்தகத்தில் ஒரு வரியும் கிடையாது.

ஜமாலைப் பார்த்துப் பேசினேன். "பாய், சோறும் கஞ்சியும் டீசல் மாதிரி. ஊத்துனா இன்ஜின் ஓடும். படகுல ஓட்டை விழுந்திருச்சுன்னா டீசலை ஊத்தி அடைப்பீகளா?"

"அதெப்படி? ஃபைபர் பாய் வெச்சு, பிசின் தடவித்தான் அடைக்கணும்" என்றார்.

"ஒங்க கால்ல இருக்கிற ஓட்டைக்கு அந்தப் பாயும் பிசினும்தான் புரோட்டீன். தோலு, சதை, நகம், முடி எல்லாம் அதாலதான் கட்டியிருக்கு. ரத்தத்துல செவப்பு இருக்கே, அது ஒரு புரோட்டீன். தின்னதைச் செரிக்க வைக்கிறது, உள்ள வந்த கிருமியோட சண்டை போடுறது, அதெல்லாமும் புரோட்டீன்தான். முட்டையா, மீனா, பருப்பா நாம திங்கிறதை வயிறு பொடிப்பொடியா அவுத்துரும். அந்தத் துண்டுகளை எடுத்து ஒடம்பு தனக்கு வேணுங்கிற மாதிரி திரும்பக் கோக்கும். சில துண்டை ஒடம்பே செஞ்சுக்கிரும். சிலது சாப்பாட்டுல வந்தாத்தான் உண்டு."

"வரலேன்னா?"

"கொழுப்புன்னா ஒடம்பு சேத்து வெச்சிருக்கும். புரோட்டீனுக்கு அப்படிக் கிட்டங்கி கெடையாது. வெளிய இருந்து வரலேன்னா, இருக்கிற சதையை அவுத்துத்தான் எடுக்கும்."

ஜமால் தன் தொடையைத் தடவிப் பார்த்தார். நங்கூரம் தூக்க ஊன்றிய கால். கைலிக்குள் குச்சியாக இருந்தது. "அதான் லாத்தா, எந்திரிச்சு நிக்க முடியல" என்றார் அக்காவிடம்.

ரகுமத்து என் பக்கம் திரும்பிக் கேட்டார். "நீங்க மீன் தின்பீகளா?"

"இல்லம்மா. முதுகுளத்தூர்ப் பக்கம் எங்க ஊரு. நாங்க சைவம்."

"அப்ப ஒங்களுக்கு மீனப் பத்தி என்ன தெரியும்?"

"எங்களுக்குச் சோறும் பருப்பும். சோத்துல கொறையிறது பருப்புல இருக்கும், பருப்புல கொறையிறது சோத்துல இருக்கும். ரெண்டையும் சேத்துத் தின்னா மீன் சாப்பிட்ட மாதிரிதான்."

"மீன் சாப்பிட்ட மாதிரின்னு மீன் சாப்பிடாதவுக சொல்லக் கூடாது" என்றார் ரகுமத்து.

வார்டு மறுபடியும் சிரித்தது. நான் எழுந்து வந்துவிட்டேன்.

3. வாப்பாவின் கால்

ரகுமத்தைப் பிடிவாதக்காரி என்று நர்ஸ்கள் சொன்னார்கள். எனக்கும் இரண்டு நாள் அப்படித்தான் தோன்றியது. மூன்றாம் நாள் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் அவர் தனியாக நின்றிருந்தார். பேச்சுக் கொடுத்தேன். குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"எங்க வாப்பாவுக்கு இப்படித்தாம்மா கால்ல வெட்டுக் காயம். ஆறிக்கிட்டுத்தான் வந்துச்சு. சொந்தத்துல ஒரு கல்யாணம். போன எடத்துல மீன் ஆணம் ஊத்தி வயிறு நெறையச் சோறு தின்னாக. அன்னைக்கு ராத்திரியே காலு வீங்கிருச்சு. தாடை கட்டிக்கிருச்சு, ஒடம்பு வில்லா வளைஞ்சிருச்சு. மவுத்தாப் போயிட்டாக. உம்மா அதுக்கு முந்தியே இல்ல. இவன் அப்ப சின்னப் பிள்ளை. நான்தான் சோறு ஊட்டி வளத்தேன். என் கையாலயே மீனை ஊட்டி இவனையும் அனுப்பச் சொல்றீகளா?"

தாடை கட்டியது, உடம்பு வளைந்தது என்றால் அது ரணஜன்னி, டெட்டனஸ், என்று எனக்குத் தெரியும். மீன் அதற்குக் காரணமில்லை. ஆனால் இத்தனை வருஷமாக ஒரு சாவுக்கு இவர் காரணம் கண்டுபிடித்து வைத்திருக்கிறார். அதைக் குடத்தடியில் நின்று ஒரு வார்த்தையில் பிடுங்கி எறிய எனக்கு மனம் வரவில்லை. ஒன்று மட்டும் கேட்டேன்.

"வாப்பாவுக்குக் காயம் பட்டதும் ஊசி போட்டாகளாம்மா?"

"எங்கன ஊசி? மஞ்சளை வெச்சுக் கட்டுனதுதான்."

"ஜமால் பாய்க்கு இங்க வந்ததுமே அந்த ஊசி போட்டாச்சு."

அவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

4. சிங்கம் மாதிரி ஒரு டப்பா

இதற்கிடையில் கத்தாரில் இருக்கும் அவர்களுடைய சொந்தக்காரப் பையன், ஊருக்கு வந்த ஒருவர் மூலமாகப் பெரிய டப்பா ஒன்றை அனுப்பியிருந்தான். அதன்மேல் மார்பையும் புஜத்தையும் காட்டிக்கொண்டு சிங்கம் மாதிரி ஒரு வெள்ளைக்காரன். ஜமால் என்னிடம் காட்டி, "இதக் குடிச்சா நான் இவன மாதிரி ஆயிருவேனா?" என்று கேட்டார்.

பாலாடைக்கட்டி செய்யும்போது பிரிகிற தண்ணீரிலிருந்து எடுக்கிற பவுடர்தான் அது; பாலில் இருக்கிற புரோட்டீன்தான்; மாயம் ஒன்றும் இல்லை என்று சொன்னேன். சாப்பிட முடியாதவர்களுக்கு உதவும். ரகுமத்து அதில் என்ன கலந்திருக்கிறதோ, ஹலாலோ இல்லையோ என்றார். ஜமால் ஆசைப்பட்டு, அக்கா அந்தப் பக்கம் போனபோது ஒரே தடவையில் நிறையக் கரைத்துக் குடித்துவிட்டார். வெறும் கஞ்சியில் கிடந்த வயிறு தாங்கவில்லை. ராத்திரியெல்லாம் பேதி. மறுநாள் டப்பா அலமாரிக்கு மேலே ஏறியது. என் பக்கத்து நியாயம் இன்னும் ஒரு படி கீழே இறங்கியது.

கால் வீக்கம் கூடியது. பாதத்தில் கட்டைவிரலால் அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நின்றது. ரத்தத்தில் ஆல்புமின் என்று ஒரு புரோட்டீன் உண்டு. தண்ணீரை ரத்தக் குழாய்க்குள் பிடித்து வைப்பது அதன் வேலைகளில் ஒன்று. அது குறைந்தால் தண்ணீர் வெளியே கசிந்து காலில் இறங்கும். சாப்பாடு குறைந்ததால் மட்டும்தான் ஆல்புமின் இறங்கும் என்றும் நினைத்துவிடக் கூடாது. உடம்பில் கிருமி இருந்தாலும் இறங்கும். ஜமாலுக்கு இரண்டும் இருந்தது. சர்ஜன் கிருமிக்கான மருந்தை மாற்றினார். சாப்பாட்டை மாற்றுவது என் பாடு.

அன்று ரவுண்ட்ஸில் சர்ஜன் குடும்பத்தைக் கூப்பிட்டு நேராகவே சொன்னார்.

"இன்னும் ரெண்டு வாரம் பாக்குறேன். அதுக்குள்ள புண்ணு செவக்கலேன்னா மதுரைக்கு எழுதிக் குடுத்துடுறேன். அங்க காலை எடுக்கணும்னு சொன்னாலும் சொல்வாங்க. அப்ப என்கிட்ட வந்து அழக் கூடாது."

ரகுமத்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஜமால் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். சர்ஜன் போனபின், "ஒத்தக் கால வெச்சுக்கிட்டுப் படகுல என்னத்தப் புடிச்சு நிக்கிறது" என்று மட்டும் சொன்னார்.

அன்று மதியம் இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கடலை ஒட்டிய ஊர். காலையில் ஏலத்துக்குப் போனால் துள்ளுகிற மீன் கிடைக்கும். அந்த மீனைப் பிடித்தே வயிறு வளர்த்த மனிதர், புரோட்டீன் இல்லாமல் காலை இழக்கப் போகிறார். இதை எந்தப் பரீட்சையிலும் என்னிடம் கேட்டதில்லை.

5. இரண்டு கேரியர்

ஜமாலின் மனைவி நசீமாவை நான் அதுவரை சரியாகப் பார்த்ததில்லை. வருவார், கஞ்சியை வைப்பார், உடனே போய்விடுவார். ஒருநாள் மதியம் படியில் எதிரே வந்தார். இரண்டு கையிலும் இரண்டு கேரியர். ஒன்றிலிருந்து பூண்டும் பச்சை மிளகாயும் வதங்கிய மீன் வாசனை வந்தது. சைவக்காரியான எனக்கே அது மீன் என்று தெரிந்தது.

சந்தோஷத்தில், "இன்னைக்காவது மீன் கொண்டாந்தீகளே!" என்றேன்.

"அய்யோ, இது மச்சானுக்கு இல்லம்மா. அவுகளுக்கு இந்தா, கஞ்சி. இது மேல பிரசவ வார்டுல இருக்கிற என் தங்கச்சிக்கு. பிள்ளை பொறந்துருக்குல்ல, பால்சுறா புட்டு."

கரையோரத்தில் பிள்ளை பெற்ற எல்லா வீட்டிலும் இது உண்டு. பால்சுறாவை அவித்து, தோலை உரித்து, உதிர்த்து, நிறையப் பூண்டு போட்டுப் புட்டு மாதிரி வதக்கிக் கொடுப்பார்கள். தாய்க்குப் பால் ஊறும் என்பது நம்பிக்கை.

"சுகப் பிரசவமா?"

"எங்கனம்மா... ஆபரேஷன்தான். வயித்தக் கிழிச்சுத்தான் எடுத்தாக."

"தையல் எப்படி இருக்கு?"

"நல்லாக் காஞ்சிருச்சாம். நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்னு நர்ஸம்மா சொன்னாக."

"புட்டு நீங்க பண்ணுனதா?"

"மதினிதான். மீன் பாத்து வாங்குறதுலருந்து எல்லாம் அவுக கைதான். பிள்ளை பெத்தவளுக்கு இதுல கொறை வைக்கக் கூடாதும்பாக."

மதினி என்றது ரகுமத்தை. நான் அடுத்த கேள்விக்கு வாயெடுத்தேன். அதற்குள் நசீமா இரண்டு படி ஏறியிருந்தார். அங்கேயே நின்றார். கையில் இருந்த இரண்டு கேரியரையும் மாறி மாறிப் பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, அவளுக்கும் புண்ணுதானே?"

"புண்ணுதான்."

"வயித்தக் கிழிச்சவளுக்கு மீன் குடுக்குறோம். காலு ஓட்டையாப் போனவுகளுக்குக் கஞ்சி குடுக்குறோம்."

மேலே போக வேண்டியவர் அப்படியே திரும்பிக் கீழே இறங்கினார். நானும் பின்னாலேயே போனேன்.

ரகுமத்து தம்பியின் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தார். நசீமா இரண்டு கேரியரையும் ஸ்டூலில் வைத்தார். குரலை உயர்த்தவில்லை. "மதினி, என் தங்கச்சி வயித்துல இருக்கிறதும் புண்ணுதானே?" என்றார்.

"அதுக்கு?"

"அவளுக்கு நீங்கதானே நெதம் ஆக்கிக் குடுக்குறீக. சீழ் வைக்கலையே?"

"அது பால் ஊறுறதுக்குடி."

"பால் எங்கருந்து மதினி ஊறுது? ஒடம்புலருந்துதானே. பாலாவும் ஆகி, தையலையும் ஆத்துதுன்னா, அதே மீன் இவுக ஒடம்புக்குள்ள போயி என்ன கெடுதல் செஞ்சிறப் போகுது?"

ரகுமத்து என்னைப் பார்த்தார். நான் சொல்லிக்கொடுத்து வந்த பேச்சோ என்ற சந்தேகம் அந்தப் பார்வையில் இருந்தது. "நான் ஒண்ணும் சொல்லலம்மா" என்றேன். உண்மையும் அதுதான்.

கண்ணை மூடிக்கொண்டு தூங்குவது மாதிரி கிடந்த ஜமால், கண்ணைத் திறக்காமலே சொன்னார். "லாத்தா, வாசனை இங்கன வரைக்கும் வருது."

ரகுமத்து கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்துவிட்டார். துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். வார்டில் யாரும் சிரிக்கவில்லை.

"வாப்பாவுக்கு ஊசி போட்டாகளான்னு கேட்டீகளே" என்றார் என்னிடம். "இவனுக்கு நெசமாவே போட்டாச்சா?"

"போட்டாச்சும்மா. வந்த அன்னைக்கே."

"அப்பச் சரி. மீன் நான்தான் பாத்து வாங்குவேன். நான்தான் ஆக்குவேன். பால்சுறா மட்டும்தான், வேற மீன் கூடாது. சீழ் கீழ் வெச்சுச்சுன்னா ஒங்ககிட்ட வர மாட்டேன் டயட்டம்மா. அல்லாகிட்டதான் முறையிடுவேன்."

பிரசவ வார்டுக்குப் போக வேண்டிய கேரியரின் மேல் தட்டைத் திறந்தார். பிஸ்மில்லா சொல்லி, ஒரு கவளம் எடுத்துத் தன் கையாலேயே தம்பிக்கு ஊட்டினார். ஜமால் மென்று விழுங்கிவிட்டு, "உப்பு கம்மி" என்றார்.

6. மஞ்சள் நீர்

ஒரேயடியாக ஏற்றிவிடக் கூடாது, வெகுநாள் பட்டினி கிடந்த உடம்பு என்று அளவு சொல்லிக் கொடுத்தேன். முதலில் கொஞ்சம் புட்டு. பிறகு காலையிலும் சேர்த்து. ரகுமத்து தினமும் விடிந்ததும் மீன் கடைக்குப் போய், மோந்து பார்த்து, விரலால் அமுக்கிப் பார்த்து வாங்கி வந்தார். என் முட்டை மட்டும் இன்னமும் பக்கத்து பெட்டுக்குத்தான் போனது. அந்தப் பெரியவர் டிஸ்சார்ஜ் ஆகிப் போன பிறகு, வேறு ஆளில்லாமல் ஜமாலின் தட்டில் ஒரு முட்டை தங்கியது.

நாலைந்து நாளில் ஒரு பயம் வந்தது. காலை டிரெஸ்ஸிங்குக்காகக் கட்டைப் பிரித்தபோது துணி முழுக்க மஞ்சளாக நனைந்திருந்தது. வாடையும் அடித்தது. நர்ஸ் அவசரமாக சர்ஜனைக் கூப்பிட்டார். எனக்கும் ஆள் அனுப்பினார்கள்.

நான் போனபோது ரகுமத்து சுவரோரம் நின்றிருந்தார். திட்டவில்லை, அழவில்லை. என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். இதுவரை எத்தனையோ பேர் என்னிடம் கோபப்பட்டிருக்கிறார்கள். அவர்கள் முன்னால் எல்லாம் நான் தைரியமாக நின்றிருக்கிறேன். அந்தப் பார்வைக்கு முன்னால் நிற்க முடியவில்லை. மீனால் சீழ் வராது என்று எனக்குத் தெரியும். ஆனால் வேறு எதனாலாவது இன்று சீழ் வந்திருந்தால், இந்தக் குடும்பத்தில் இனி மூன்று தலைமுறைக்குப் புண்ணுக்காரன் வாயில் மீன் படாது. நசீமாவை அந்த வீடு சும்மா விடுமா?

சர்ஜன் கையுறை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். சலைன் ஊற்றிக் கழுவினார். கவ்வியால் மஞ்சளாகத் தொங்கியதைப் பிடித்து இழுத்தார். அது நார்நாராகக் கழன்று வந்தது. கழுவக் கழுவ அடியில் தெரிந்தது. மாதுளை முத்து மாதிரி, பொடிப்பொடியாக, நல்ல சிவப்பு. துணியால் லேசாக ஒற்றினார். ரத்தம் பொடித்தது.

"இது சீழ் இல்லம்மா" என்றார் ரகுமத்திடம். "செத்துப்போன சதை கழண்டு வருது. கீழ பாருங்க, புதுச் சதை வளர்ந்து தள்ளுது. இதுக்குத்தான் இத்தனை நாளாக் காத்துக்கிட்டு இருந்தேன்."

"நெசமாவா டாக்டர்?"

"ரத்தம் வருது பாருங்க. உசுரு இருக்கிற எடத்துலதான் ரத்தம் வரும்."

ரகுமத்து வெளியே போய் வராந்தாவில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். நசீமா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். ரகுமத்து, "நாளைக்குப் பூண்டு கொஞ்சம் கூடப் போடணும்" என்று சொன்னது எனக்குக் கேட்டது.

சர்ஜன் கை கழுவிக்கொண்டே, "என்னம்மா குடுத்தீங்க கடைசியில?" என்றார்.

"பால்சுறா டாக்டர்."

"நான் மருந்து மாத்துனதும் வேலை செஞ்சிருக்கு" என்றார்.

"நிச்சயமா டாக்டர்" என்றேன். அதில் எனக்கு மறுப்பே இல்லை. மருந்து கிருமியை அடக்கும். கத்தி செத்ததை வெட்டும். புதுச் சதையை உடம்புதான் கட்ட வேண்டும். அதற்குச் சாமான் வேண்டும்.

7. கேட்கக் கற்றுக்கொண்டது

தோல் ஒட்டினார்கள். பிடித்துக்கொண்டது. வீக்கம் மெல்ல வடிந்தது. ஜமால் முதலில் வாக்கரைப் பிடித்து நடந்தார். பிறகு சுவரைப் பிடித்து. பிறகு எதையும் பிடிக்காமல். சில மாதம் கழித்து செக்கப்புக்கு வந்தபோது கடலுக்குப் போக ஆரம்பித்துவிட்டதாகச் சொன்னார். கைலி இடுப்பில் இறுக்கமாக நின்றது.

ரகுமத்து மாறிவிட்டாரா என்று கேட்டால், அவருக்கு வேண்டிய அளவு மாறினார். புண்ணுக்குப் பால்சுறா ஆகும், முட்டை பரவாயில்லை, நண்டு கூடவே கூடாது, கத்திரிக்காய் நினைத்தும் பார்க்கக் கூடாது. அவர் ஊரில் யாருக்கு ஆபரேஷன் என்றாலும் போய் இதைச் சொல்கிறாராம். நான் திருத்தப் போகவில்லை. சிலருக்கு நண்டு நிஜமாகவே ஒத்துக்கொள்ளாமல் தடிப்பு வரும். கத்திரிக்காயில் புரோட்டீன் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை, போனால் போகட்டும்.

பிள்ளைகளுக்கு ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டுப் பார்க்கிறவர்களுக்கெல்லாம் மீனும் முட்டையும் ஏற்றிவிடாதீர்கள். அதே வார்டில், கிட்னி பழுதான ஒரு வாத்தியாருக்கு நான் பருப்பையும் முட்டையையும் அளந்து குறைக்கச் சொன்னேன். புரோட்டீன் உடைந்தால் வருகிற கழிவை வெளியேற்ற வேண்டியது கிட்னி. அது தளர்ந்திருக்கும்போது சுமையை ஏற்றக் கூடாது. "முட்டையம்மாவே முட்டையை வேண்டாம்கிறாக" என்று அவர் கேலி செய்தார். கிட்னியின் நிலையைச் சொல்லும் கிரியாட்டினினைப் பார்க்காமல் யாருக்கும் ஹை புரோட்டீன் எழுதாதீர்கள்.

நான் மாற்றிக்கொண்டது ஒன்றுதான். அதற்கு முன்பெல்லாம் என்ன சாப்பிட வேண்டும் என்று சொல்லத் தொடங்கிவிடுவேன். ஜமால் போன பிறகு முதலில் கேட்கத் தொடங்கினேன்: "ஒங்க வீட்டுல பிள்ளை பெத்தவளுக்கு என்ன குடுப்பீக?" ஒவ்வொரு வீட்டிலும் இதற்குப் பதில் இருந்தது. ஒவ்வொரு பதிலிலும் புரோட்டீன் இருந்தது. அந்த வார்த்தையைக் கேள்விப்படாத வீடுகளில்கூட.

ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்பு, கமுதிப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி தீக்காயத்தோடு வந்தார். எங்களைப் போலவே மீனும் முட்டையும் சேர்க்காத குடும்பம். பருப்பைக்கூட நிறுத்தி, வெறும் மோர்ச் சோறு கொடுத்துக்கொண்டிருந்தார் அவர் மனைவி. நான் கேள்வியைக் கேட்டேன்.

"பிள்ளை பெத்தவளுக்கா? உளுந்தங்களிதான். நல்லெண்ணெய் ஊத்தி, கருப்பட்டி போட்டு. இடுப்பெலும்பு பலப்படணும்ல, புண்ணு ஆறணும்ல" என்று சொல்லிக்கொண்டே வந்தவர், சட்டென்று நிறுத்தினார். கட்டிலில் கிடந்த கணவரைப் பார்த்தார்.

"ஏம்மா, அதையே இவுகளுக்கும் கிண்டிக் குடுக்கட்டா?"

"கிண்டிக் குடுங்க" என்றேன்.